கேள்வி–பதில்: போனில் பேச முடிகிறது, கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேசைக்குச் சுவரில் ஒரே ஒரு நெட்வொர்க் சாக்கெட்தான். அதிலிருந்து கேபிள் மேசைப் போனுக்கு வருகிறது. போனிலிருந்து இன்னொரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகிறது. சென்ற வாரம் மேசைகளை இடம் மாற்றினார்கள். அன்றிலிருந்து போனில் நன்றாகப் பேச முடிகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் நெட் வருகிறது, போகிறது, பாதி நாள் வருவதே இல்லை. பராமரிப்பு பார்ப்பவர், "போன் வேலை செய்கிறதே, லைன் சரியாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஃபார்மேட் பேச்சையே இப்போதைக்கு எடுக்காதீர்கள். மேசையை நகர்த்திய அன்று தொடங்கிய கோளாறு இது. நகர்ந்தவை கேபிளும் சாக்கெட்டும்தான், விண்டோஸ் அல்ல.

போன் வேலை செய்வதால் லைன் சரி என்பதில் பாதிதான் உண்மை. உங்கள் மேசைப் போனுக்குள் மூன்று வாய் (போர்ட்) கொண்ட ஒரு சின்ன சுவிட்ச், அதாவது கேபிள்களை இணைத்துத் தகவலைப் பங்கிடும் கருவி, இருக்கிறது. ஒரு வாய் சுவர் பக்கம், ஒன்று கம்ப்யூட்டர் பக்கம், மூன்றாவது போனுக்கே உள்ளே. பெரும்பாலான அலுவலகங்களில் பேச்சும் தரவும் ஒரே கம்பியில் வந்தாலும் தனித்தனி நெட்வொர்க்காகவே பிரித்திருப்பார்கள். பேச்சுக்கு உரிய பாக்கெட்டுகளில் (தகவல் துண்டுகளில்) எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று காட்டும் ஒரு வீலேன் (VLAN) எண் ஒட்டியிருக்கும்; கம்ப்யூட்டருடையவை எண் இல்லாமல் போகும். ஆகவே போன் பேசினால் சுவர் பக்கக் கேபிளும் பேச்சுக்கான பாதையும் சரி, அவ்வளவுதான். போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குட்டைக் கேபிளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அந்தக் குட்டைக் கேபிளிலிருந்தே ஆரம்பியுங்கள். வந்து வந்து போகிறது என்கிறீர்களே, அதனால்தான் எனக்கு அதன்மேல் முதல் சந்தேகம். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் கிளிப் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் போன கேபிள் செருகிய மாதிரியே தெரியும். போனைச் சற்று இழுத்தால் கழன்றுவிடும். போனின் பின்புறத்தையும் பாருங்கள். 'பிசி' என்றோ கம்ப்யூட்டர் படத்துடனோ இருக்கும் வாயில்தான் கம்ப்யூட்டர் வர வேண்டும். சுவர்க் கேபிள் 'லேன்', 'இன்டர்நெட்' அல்லது 'எஸ்.டபிள்யூ' என்று எழுதியதில். பிறகு நன்றாக வேலை செய்யும் பக்கத்து மேசையிலிருந்து ஒரு கேபிளை வாங்கிப் போட்டு அரை நாள் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லையா? நெட்வொர்க் பார்ப்பவரிடம் சொல்லிவிட்டு, சுவர்க் கேபிளைப் போனிலிருந்து எடுத்து நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். சொல்லாமல் செய்ய வேண்டாம்: சில இடங்களில் புது இயந்திரம் தெரிந்ததும், சுவர்க் கேபிள் போய்ச் சேரும் அலுவலகச் சுவிட்ச் அந்தப் போர்ட்டையே மூடிவிடும். நேரடியாகப் போட்டதும் நெட் நிலையாக வந்தால் பெரும்பாலும் போனின் பிசி போர்ட்டில்தான் குறை. அது பழுதாகியிருக்கலாம், போனின் அமைப்பில் அணைத்தும் வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் அலுவலகச் சுவிட்சில் ஒரே ஒரு சாதனத்துக்கு மட்டும் அனுமதி என்று கட்டுப்பாடு போட்டிருக்கலாம். அப்படியானால் முதலில் விழிக்கும் போன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் வெளியே நிற்கும்.

நேரடியாகவும் வராவிட்டால் கம்ப்யூட்டரில் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க வேண்டிய இடத்திலிருந்து பதில் வராமல் கம்ப்யூட்டர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. சுவரில் புது சாக்கெட் என்றால் சுவிட்சிலும் வேறு போர்ட் என்று அர்த்தம். அந்தப் போர்ட்டில் கம்ப்யூட்டருக்கான வீலேன் சரியாக இல்லாமல் இருக்கலாம். சாக்கெட்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை எழுதிக் கொடுங்கள். நெட்வொர்க் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் மேசை மாற்றினார்கள். போனின் பிசி வாயிலிருந்து தொங்கிய கேபிளைப் பார்த்த ஒருவர், சும்மா கிடக்கிறதே என்று பக்கத்தில் காலியாக இருந்த சாக்கெட்டில் செருகிவிட்டார். போனின் இரண்டு வாயும் சுவருக்கே போனதால் பாக்கெட்டுகள் வட்டமடிக்கத் தொடங்கின. அதைத் தடுக்கும் ஏற்பாடு அங்கே சுவிட்சில் இயக்கப்பட்டிருக்கவில்லை. அந்தத் தளத்தில் ஒருவருக்கும் நெட் இல்லை, போனும் இல்லை. மேசை மேசையாகக் குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. தொங்கும் கேபிளைக் கண்டால் சுவரில் செருகாதீர்கள், சுருட்டி வையுங்கள்.

கேள்வி: எங்கள் போனுக்குத் தனி அடாப்டர் கிடையாது, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வருகிறது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் கெட்டுவிடாதா?

பதில்: முறையான பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் சுவிட்ச்) என்றால் பயமில்லை. எதிர்முனையில் மின்சாரம் கேட்கும் சாதனம்தான் இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்த்த பிறகே அது மின்சாரம் தரும். கம்ப்யூட்டர் அந்தச் சோதனைக்குப் பதில் சொல்லாது, மின்சாரமும் வராது. ஆனால் சோதிக்காமலேயே எப்போதும் மின்சாரம் தரும் மலிவான 'பாசிவ்' இன்ஜெக்டர்களும் உண்டு. நடுவில் அப்படி ஒரு சின்னப் பெட்டி இருந்தால் கம்ப்யூட்டரைச் செருக வேண்டாம்.

கேள்வி: போன் வழியாக இணைத்தால் பெரிய கோப்புகளை நகலெடுக்க மிகவும் நேரமாகிறது. போன் பேசும்போது வேகத்தைத் தின்றுவிடுகிறதா?

பதில்: இல்லை. ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 100 கிலோபிட்கூட ஆகாது. கம்ப்யூட்டரில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 100 மெகாபிட் என்று காட்டும் என்று நினைக்கிறேன். பழைய மாடல் போன்கள் பலவற்றில் பிசி போர்ட் அதற்குமேல் போகாது. உங்கள் போன் 1000 தரும் மாடல் என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். 100க்கு நான்கு கம்பிகள் போதும், 1000க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றியும் அப்படியே இருந்தால், சுவரில் இரண்டாவது சாக்கெட் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரைத் தனியாக அதில் போட்டுக்கொள்ளுங்கள்.