துறைமுக வாயில் அலை: கேள்வி பதில்

(காரைக்குடிக்காரர் ஒருவர் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பல வருடம் இருந்து அலைச்சறுக்குப் பழகியவர். அந்த ஊர்த் துறைமுக வாயில் மணல்திட்டில் அபூர்வமாக எழும் அலையைப் பற்றி நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.)

தேவகோட்டை மாணவர்: அண்ணே, கடல்ல தினமும் அலை அடிக்குது. அங்கே மட்டும் ஏன் எப்பவாவதுதான்?

முதலில் மணல் வேண்டும் தம்பி. அந்தக் கரையில் மணல் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1920களின் கடைசியில் கட்டிய அலைத்தடுப்புச் சுவரின் முனையைத் தாண்டியதும் நீரின் வேகம் அடங்கி, மணல் அங்கேயே படியும். வரத்துக்காலில் ஓடிவந்த தண்ணீர் ஊருணிக்குள் வண்டலை இறக்குகிற மாதிரிதான். திட்டு வளர்ந்தால் படகு வழி அடைபடும், அதனால் வருடாவருடம் தூர்வாருவார்கள். 2 மீட்டர் அலை உடைந்து விழுவதற்கு ஆழம் சுமார் 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தூர்வாரிய கையோடு போனால், அலை உடையாமலே உள்ளே போய்விடும்.

அடுத்தது திசை. வடமேற்கிலிருந்து வருவதைப் பாயிண்ட் கன்செப்ஷன் முனை மறிக்கிறது, தெற்கிலிருந்து வருவதைச் சேனல் தீவுகள். மிச்சமிருக்கும் இடுக்கு வழியாகக் குளிர்காலத்தில் நேர் மேற்கிலிருந்து பெரிய அலை வந்தால்தான் உண்டு.

கண்டனூர்: முன்னறிவிப்பில் அலை உயரத்தைத்தானே பார்க்க வேண்டும்?

உயரத்தைக் கடைசியில் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை நொடி என்பதுதான் முக்கியம். 8 நொடி அலை ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர் நீளம். 16 நொடி என்றால் 400 மீட்டர். நீண்ட அலை ஆழத்திலேயே தரையை உணர்ந்து, முனையைச் சுற்றி நன்றாக வளைந்து வரும். நம் தென்கரையில் கள்ளக்கடல் என்று எச்சரிக்கிறார்களே, அதுவும் இந்தச் சாதிதான். உள்ளூரில் காற்றே இருக்காது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கேயோ கிளம்பி வந்திருக்கும்.

தொண்டி: எங்க ஊர்ல இப்படி எழுமா?

எழாது. இலங்கையும் ராமர் பாலத் திட்டுகளும் தெற்கிலிருந்து வரும் நீண்ட அலையை மறித்துவிடுகின்றன. பாக் விரிகுடாவில் ஆழமும் குறைவு. வாடைக்காற்றில் எழும்புவது குட்டைச் சலசலப்பு. ஆசை இருந்தால் மணப்பாடு போங்கள், இல்லையென்றால் மாமல்லபுரம்.

பள்ளத்தூர் ஆச்சி: பேரன் அங்கேதான் படிக்கிறான். இதில் இறங்கப் போறேங்கிறான். பயப்படணுமா?

கொஞ்சம் பயப்படலாம் ஆச்சி. அலை சுவரில் மோதித் திரும்பும். அந்தத் திரும்பும் நீர் அடுத்த அலையைப் பக்கவாட்டில் இடிக்கும்போது, ஏறி நிற்கப் போகிற நொடியில் தண்ணீர் கூம்பாகக் குதிக்கும். பலகையின் மூக்கு மேலே போகும், கால் காற்றில் நிற்கும். பக்கத்திலேயே பாறை. கீழே இடுப்பளவு தண்ணீர், அதற்கடியில் கெட்டி மணல். தலை குத்தி விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, தட்டையாக விழச் சொல்லுங்கள். அலை முடிவது படகு வழியில், அங்கே படகுக்குத்தான் முதல் உரிமை. நீந்தத் தெரியும் என்பது மட்டும் போதாது. ஒரு குளிர்காலம் சாதாரணக் கரை அலையில் பழகிவிட்டு வரட்டும்.

புதுவயல்: பலகை?

குட்டைப் பலகை. வேகமான, குடைந்த அலை, நீளப் பலகையைத் திருப்ப நேரம் கிடைக்காது.

கானாடுகாத்தான்: தூர்வாராமல் விட்டால் என்ன?

மீன்படகு எப்படிப் போகும்? எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அலை போவது நிஜம். ஸ்பெயினின் முண்டாக்காவில் ஆற்று முகத்துவாரத்தை 2003இல் தூர்வாரிய பிறகு திட்டு குலைந்து, 2005இல் உலகப் போட்டியையே ரத்து செய்தார்கள். பின்னால் மணல் சேர்ந்து அலையும் திரும்பியது. சாண்டா பார்பராவில் காத்திருப்பவர்கள் வானிலையோடு தூர்வாரும் கப்பல் எப்போது வருகிறது என்பதையும் விசாரித்து வைப்பார்கள். மணல் நிறைந்திருக்கும்போது, கப்பல் வருமுன் ஒரு மேற்குப் புயல் வந்துவிட வேண்டும்.