சம்பளத்தையும் பாத்திரத்தையும் எழுதி வாங்கினால் செல்லுமா?

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் 22,000 ரூபாய். பைனான்ஸ் கடனில் நான்கு தவணை பாக்கி. ‘தவறினால் முழுச் சம்பளத்தையும் வீட்டுச் சாமான்களையும் எடுத்துக்கொள்ளலாம், சட்டப் பாதுகாப்பு கோர மாட்டேன்’ என்று முன்பே எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஏ.டி.எம். கார்டும் அவர்களிடம்தான். இப்போது பாத்திரம் பண்டத்தை அள்ளிக்கொண்டு போவோம் என்று மிரட்டுகிறார்கள். முடியுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முடியாது. பயப்படாதீர்கள். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, டிகிரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கி, அதை நிறைவேற்றத் தனியாக மனுப் போட்டு, அதன் பிறகு நீதிமன்ற அமீன் வந்தால்தான் ஜப்தி. அந்த அமீனும் பொழுது சாய்ந்த பின் வீட்டுக்குள் நுழையக் கூடாது.

அப்படி வந்தாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, தாலி ஆகியவற்றைத் தொட முடியாது. தையல் தொழில் செய்து பிழைப்பவரின் மெஷினுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. டி.வி., பைக்குக்குக் கிடையாது. நீங்களாகவே அடகு வைத்த நகைக்கும் இந்தப் பிரிவு உதவாது.

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையது. 22,000-இல் 1,000 போக 21,000. அதில் 14,000-க்குப் பாதுகாப்பு. ஆக 15,000 கைக்கு வரும். 7,000 வரைதான் பிடிக்கலாம். அதையும் ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம். மெஷினில் வேலை செய்யும் தொழிலாளியாக இருந்தால் கூலி முழுவதுக்குமே விலக்கு உண்டு; இது பலருக்குத் தெரியாமலே பணம் போகிறது. (ஜீவனாம்ச டிகிரிக்கு கணக்கு வேறு.)

நீங்கள் சொல்லும் அந்தக் கையெழுத்து? இந்த விலக்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தமே செல்லாது என்று 1976-இல் 60-ஆம் பிரிவிலேயே சேர்த்துவிட்டார்கள். பைனான்ஸிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் போனாலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சம்பளத்தைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை.

முதலில் கார்டைக் கவனியுங்கள். சம்பளம் ஏறுவதற்கு முன் உங்கள் கணவர் பாஸ்புத்தகம், ஆதாருடன் வங்கிக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கி, புதிய கார்டும் புதிய பின் எண்ணும் வாங்கட்டும். கார்டு அவர்கள் கையில் இருக்கும்வரை மேலே சொன்ன 15,000 கணக்கு ஏட்டோடு நின்றுவிடும்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அது தனிச் சிக்கல். பணமில்லாமல் திரும்பி நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் குற்ற வழக்காகும்.

பலர் சறுக்குவது சம்மனில்தான். வாங்காமல் திருப்பி அனுப்பினால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். அதை நீக்க 30 நாள்தான் அவகாசம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. தொலைபேசி எண் 15100.