வாசகர் கேள்வி–பதில்: எழுதப்பட்ட வரிசையிலேயே படியுங்கள்

மிகைபுனைவு (ஃபேன்டஸி), அறிவியல் புனைகதை ஆகிய இரண்டையும் பற்றிச் சென்ற இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஃபேன்டஸி நாவல்கள் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் எதை எடுத்தாலும் பத்துப் பாகம், பன்னிரண்டு பாகம் என்று நீள்கிறது. முழுதாகப் படித்து முடிக்கக்கூடிய ஒரு நூல்வரிசையைச் சொல்லி, எந்த ஒழுங்கில் படிக்க வேண்டும் என்பதையும் சொல்ல முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சற்றும் தயங்காமல் உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ நூல்களைச் சொல்வேன். மொத்தம் ஆறே புத்தகங்கள். முதலாவது 1968-இல் வந்தது, கடைசி இரண்டும் 2001-இல் வந்தன. அவற்றை எழுதப்பட்ட வரிசையிலேயே படியுங்கள்.

கடலும் நூற்றுக்கணக்கான தீவுகளும் மட்டுமே கொண்ட ஓர் உலகம் அது. அங்கே ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவருக்கு அந்தப் பொருளின் மீது ஆட்சி உண்டு. காண்ட் என்னும் மலைத்தீவில் தாயில்லாமல் வளரும் சிறுவன், கூரையிலிருந்து இறங்க மறுக்கும் ஆட்டிடம் தன் பெரியம்மா ஏதோ சொற்களைச் சொல்வதையும், ஆடு உடனே குதித்து இறங்குவதையும் பார்க்கிறான். மறுநாள் மேய்ச்சல் வெளியில், பொருள் எதுவும் தெரியாமலேயே அவனும் அந்தச் சொற்களைக் கத்துகிறான். ஆடுகள் எல்லாம் சத்தமே இல்லாமல் அவனை நோக்கி வருகின்றன. அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொல்ல, அவை இன்னும் நெருங்கி, கொம்பும் உடலுமாக அவனைச் சுற்றி நெருக்குகின்றன. பயந்துபோய் அவன் ஓடத் தொடங்க, ஆடுகளும் கயிற்றால் கட்டியவைபோல அவனோடு ஒட்டியபடியே ஊருக்குள் ஓடி வருகின்றன. வரவழைக்கும் சொல் தெரிந்தவனுக்கு விடுவிக்கும் சொல் தெரியவில்லை. பிற்காலத்தில் பெரும் மந்திரவாதியாகப் போகிற கெட் செய்த முதல் மந்திரம் இதுதான். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் மாணவனாக இருக்கும்போது அவன் செருக்கினால் ஒரு நிழலை உலகுக்குள் அழைத்துவிட்டு, அதைத் திருப்பி அனுப்பும் வழி தெரியாமல் தவிக்கும் கதை முழுவதும் இந்த ஒரு பக்கத்திற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மந்திரக் கதை என்றால் எதுவும் நடக்கலாம் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

இரண்டாவது நூலின் நாயகி டெனார். சிறு வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, இருண்ட நிலவறைகளின் பூசாரியாக வளர்க்கப்படும் பெண் அவள். புத்தகத்தின் பெரும்பகுதி அவளுடைய இருட்டிலேயே நடக்கிறது. கெட் வருவதற்குள் கதை நெடுந்தூரம் போய்விடுகிறது. 1972-இல் மூன்றாவது நூலோடு எல்லாம் முடிந்துவிட்டதாகவே வாசகர்கள் எண்ணினார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல், ‘தெஹானு’ வந்தது. அதில் டெனார் நடுவயது விதவை, பண்ணை வீட்டுக்காரி. தீயில் வெந்து கருகிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். கெட் தன் ஆற்றல் முழுவதையும் இழந்து வருகிறான். பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று காண்ட் தீவில் ஒரு பழமொழி உண்டு. முதல் நூலில் அது போகிறபோக்கில் சொல்லப்பட்டுக் கடந்துபோகிறது. தெஹானுவில் ஆசிரியர் அதே பழமொழியின் முன் நின்று, ரோக் பள்ளியில் ஏன் ஒரு பெண்கூட இல்லை என்று தான் படைத்த உலகத்தையே விசாரிக்கிறார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மாறியதை நாமும் உடன் நடந்து காண வேண்டுமென்றால், எழுதிய வரிசையைவிட நல்ல வழி வேறில்லை.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தவர்கள். 1968-இல் அமெரிக்காவில் அப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டியிருந்தது. 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ குவின் அதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். அவருடைய சினம் முற்றிலும் நியாயமானது.

கேள்வி: அசிமோவின் ஃபவுண்டேஷன் நூல்களைக் கதை நடக்கும் கால வரிசைப்படி, அதாவது முன்கதையிலிருந்து தொடங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். அந்தக் கதைகள் 1942 முதல் ஒரு பத்திரிகையில் தனித்தனியாக வந்து, 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாயின. முன்கதைகளை அசிமோவ் எழுதியது மிகவும் பிந்தி. ஒன்று 1988-இல் வந்தது, மற்றொன்று அவர் மறைந்த மறு ஆண்டான 1993-இல் வந்தது. பெருந்திரளான மக்களின் எதிர்காலத்தைக் கணிதத்தால் கணிக்க முடியும் என்ற ஹாரி செல்டன், மூல நூல்களில் பெரும்பாலும் இறந்துபோன மனிதர். நெருக்கடி முற்றும் வேளைகளில் ஒரு பெட்டகத்துக்குள் அவருடைய பதிவு உருவம் தோன்றிப் பேசும். அங்கே கூடியிருப்பவர்கள் அவரை அறிந்த அளவுக்குத்தான் நாமும் அறிவோம். அந்தத் தொலைவுதான் அவருக்கு ஆகிருதி தருகிறது. அவருடைய கணக்கு ஓரிடத்தில் பொய்க்கும்போது அங்கிருப்பவர்களைப் போல நாமும் அதிர்ந்து போவதற்குக் காரணமும் அதுவே. முன்கதையை முதலில் படித்துவிட்டால் அவர் நமக்கு நன்கு பழகிய ஓர் இளைஞராகிவிடுவார்.

கேள்வி: நீண்ட தொடர் ஒன்றை மூன்று பாகங்களோடு நிறுத்திவிட்டேன். உறுத்தலாக இருக்கிறது. தொடர வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: உறுத்த வேண்டியதில்லை. மூன்று பாகங்களிலும் அந்த உலகம் உங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் பதினான்காவதில் பிடித்துக்கொள்ளப் போவதில்லை.

கேள்வி: அண்மைக் காலத்தில் நீங்களே கண்டடைந்து மகிழ்ந்த ஒரு நூலைச் சொல்லுங்கள்.
– வாசகர், புதுச்சேரி

பதில்: அர்காடி, போரிஸ் ஸ்ட்ருகாட்ஸ்கி என்ற ரஷ்யச் சகோதரர்கள் எழுதிய ‘ரோட்சைட் பிக்னிக்’. தார்க்கோவ்ஸ்கி 1979-இல் எடுத்த ‘ஸ்டாக்கர்’ படத்தின் மூலம் இது என்ற அளவில் பலருக்குத் தெரியும்; எனக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. நூலோ படத்திலிருந்து வெகுதூரம் விலகிய வேறொரு படைப்பு.

வேற்றுலகத்தவர் பூமியில் சில இடங்களில் இறங்கிப் போய்விட்டார்கள். மனிதரோடு பேசவில்லை, போரிடவில்லை, கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி உண்டு களித்துப் போனவர்கள் விட்டுச் சென்ற குப்பையை எறும்புகளும் பூச்சிகளும் சுற்றிவந்து பார்ப்பதைப் போலத்தான் நம் நிலையும் என்று நாவலில் ஓர் அறிவியலாளர் சொல்கிறார். தடை செய்யப்பட்ட அந்தப் பகுதிக்குள் இரவில் திருட்டுத்தனமாகப் புகுந்து, கிடைத்ததை எடுத்துவந்து விற்றுப் பிழைப்பவன் ரெட்ரிக். ஈர்ப்பு விசை தாறுமாறாகக் கூடிக்கிடக்கும் இடங்கள் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கால் வைத்தால் உடல் நசுங்கிவிடும். எனவே அவன் சட்டைப்பை நிறைய இரும்பு நட்டுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக முன்னே வீசி, அவை விழும் விதத்தைப் பார்த்துத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறான். அங்கிருந்து எடுத்துவரும் பொருள்களில் ஒன்று, தேநீர்க் கோப்பைத் தட்டளவில் இரண்டு செம்பு வட்டுகள். அவற்றுக்கிடையே முழத்துக்குச் சற்றுக் குறைவான வெற்றிடம். அந்த வெளிக்குள் கையை விடலாம், எதுவும் தட்டுப்படாது. ஆயினும் இரண்டு வட்டுகளையும் நெருக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. அது எதற்கானது என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. அந்த மௌனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். விண்ணிலிருந்து வருபவர்கள் நம்மை அழிக்கவோ காக்கவோதான் வருவார்கள் என்று எழுதி எழுதிப் பழகிய ஒரு துறையில், நம்மைப் பொருட்படுத்தவே இல்லை என்று எழுதியது பெரிய காரியம்.

1972-இல் இதழில் வெளிவந்த இந்நாவல், சோவியத் பதிப்பகத்தோடு நடந்த நெடிய இழுபறிக்குப் பிறகு 1980-இல்தான் அங்கே நூல்வடிவம் பெற்றது. 2012-இல் வந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்குங்கள். அதன் பின்னுரையில் போரிஸ் அந்த இழுபறியை விரிவாக எழுதியிருக்கிறார். அதையும் விடாமல் படிக்க வேண்டும்.

கேள்வி: நம் நாட்டுப் பெண்கள் யாராவது தொடக்க காலத்திலேயே அறிவியல் புனைகதை எழுதியிருக்கிறார்களா?
– மாணவி, சேலம்

பதில்: எழுதியிருக்கிறார்கள், அதுவும் முதன்முதலில் அச்சேறியது சென்னையில். வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வந்தது. கமலா சத்தியநாதன் நடத்திய இதழ் அது. கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் மேகத்திலிருந்து நேரடியாக நீரை இறக்கிக்கொள்ளும் பலூனை அமைக்கிறார்கள்; இன்னொரு பல்கலைக்கழகத்தார் சூரிய வெப்பத்தைச் சேமிக்கக் கற்கிறார்கள். ஆண்களின் படை தோற்றுத் திரும்பிய பிறகு, சேமித்த வெப்பத்தை எதிரிகள் மேல் பாய்ச்சி அந்தப் பெண்களே நாட்டைக் காக்கிறார்கள். சமையலறையில் புகையும் இல்லை, கரியும் இல்லை. சூரிய ஒளியில் உணவு வேகிறது.

பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றிய புகழ்பெற்ற அமெரிக்க நாவலான ‘ஹெர்லேண்ட்’ வந்தது 1915-இல். ரொக்கேயா அதற்குப் பத்தாண்டு முந்தியவர். கனவு கண்டதோடு அவர் நிற்கவில்லை. 1911-இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கி, 1932-இல் மறையும் வரை அதற்காகவே உழைத்தார். சில பக்கங்களே கொண்ட கதை இது. ஒரே மாலையில் படித்துவிடலாம். உங்கள் கல்லூரித் தோழிகளுக்கும் கொடுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குத் தமிழிலேயே அறிவியல் புனைகதையை அறிமுகப்படுத்த நினைக்கிறேன்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கொடுங்கள், அது முடிந்ததும் ‘மீண்டும் ஜீனோ’. இங்கும் வரிசையை மாற்ற வேண்டாம். ஜீனோ என்ற இயந்திர நாய் கட்டளைக்குப் பணியும் பொருளாக அறிமுகமாகி, மெல்ல மெல்லத் தானாகச் சிந்திக்கத் தொடங்குவதுதான் இந்த இரண்டு நூல்களின் உயிர்நாடி. இரண்டாவதிலிருந்து தொடங்கினால் அந்த வளர்ச்சியைப் பையன் தவறவிட்டுவிடுவான்.

கேள்வி: இந்த ஆண்டு நீங்கள் படிக்கத் திட்டமிட்டிருக்கும் நூல்கள் எவை?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம்மின் ‘சோலாரிஸ்’ நாவலை மறுபடியும் படிக்க வேண்டும். போலந்து மொழியில் 1961-இல் வந்த நாவல் இது. 1970 முதல் நாம் படித்துவந்த ஆங்கில வடிவம், பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. லெம்முக்கே அதில் நிறைவில்லை. பில் ஜான்ஸ்டன் போலந்து மூலத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த நூல் 2011-இல்தான் வந்தது. இம்முறை அதைத்தான் படிக்கப் போகிறேன்.

அடுத்து, ஆக்டேவியா பட்லரின் ‘பேரபிள்’ நாவல்கள் இரண்டு. 1993-இல் வெளிவந்த முதல் நாவலின் கதை 2024-இல் தொடங்குகிறது. தண்ணீர் விலை ஏறிப்போய், ஊர்கள் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் கலிபோர்னியாவில், பிறர் வலியைத் தன் உடலிலேயே உணரும் ஒரு பெண் நாட்குறிப்பு எழுதுகிறாள். அவர் குறித்த அந்த ஆண்டையே நாம் கடந்து வந்துவிட்ட நிலையில் இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. மூன்றாவது நாவலைப் பட்லர் பலமுறை தொடங்கியும் முடிக்காமலேயே 2006-இல் மறைந்தார். ஆகவே இரண்டாவது நூலின் கடைசிப் பக்கம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் முடிவு.

பெரும்பகுதி நேரத்தை ஜீன் வுல்ஃபின் ‘புக் ஆஃப் தி நியூ சன்’ நூலுக்கு ஒதுக்கியிருக்கிறேன். 1980 முதல் 1983 வரை நான்கு பாகங்களாக வந்த இந்நூலில், சித்திரவதை செய்வோர் சங்கத்தில் பயிற்சி பெற்ற செவேரியன் என்பவன் தன் வரலாற்றைத் தானே சொல்கிறான். தனக்கு எதுவும் மறப்பதில்லை என்று அவன் அடித்துச் சொல்கிறான். ஆனால் கூர்ந்து படிப்பவருக்கு அவன் சொல்லாமல் விடுவதும் மழுப்புவதும் ஒவ்வொன்றாகத் தென்படும். விரைந்து படித்தால் இவை எல்லாம் கைநழுவிப் போகும் என்பதால், இதைப் படிக்கும் மாதங்களில் வேறு நாவல் எதையும் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். முன்பு விடை சொல்லாமல் விட்ட பலவற்றுக்கு விளக்கம் தரும் ஐந்தாவது நூல் ஒன்று 1987-இல் வந்தது. நான்கு பாகங்களையும் முடித்து, முதல் பாகத்தை இரண்டாம் முறையும் படித்த பிறகே அதை எடுப்பேன்.