ஈரானிலிருந்து தப்பி வந்த மருத்துவர் ஜெர்மனியில் மீண்டும் மருத்துவம் பார்க்கவும் குடும்பத்தை அழைக்கவும் முடியுமா?

இரண்டுமே முடியும். ஆனால் முதலில் குடும்பத்தை அழைக்கும் வேலையை முடியுங்கள். மருத்துவ உரிமத்துக்கு அவசரக் கெடு இல்லை, இதற்கு உண்டு. அகதி அந்தஸ்து உறுதியான 3 மாதத்துக்குள் கணவர் அல்லது மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் ஆகியோருக்கு விண்ணப்பித்தால், வருமானமும் வீடும் காட்ட வேண்டியதில்லை. ஜெர்மனியில் இருப்பவரே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துக் கெடுவைக் காப்பாற்றலாம். ஜெர்மன் தூதரகச் சந்திப்பு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் நாள் கடந்துவிடும். அகதி அந்தஸ்துக்கு அடுத்த நிலையான துணைநிலைப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்களுக்குக் குடும்பத்தை அழைக்கும் வழி 2025 ஜூலையில் 2 ஆண்டுகளுக்கு அடைக்கப்பட்டது, வேதனையான முடிவு.

அடுத்த சிக்கல் சான்றிதழ். ஈரானில் 7 ஆண்டு படித்தாலும், கட்டாயப் பணிக்காலம் முடியாமல் அசல் பட்டம் பொதுவாகக் கைக்கு வராது. இதற்காக ஈரானியத் தூதரகத்துக்குப் போகாதீர்கள். அகதிப் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகலாம், ஊரிலுள்ள உறவினருக்கும் ஆபத்து. தன் தவறின்றி ஆவணம் தர இயலாதவரை ஜெர்மன் சட்டம் அறிவுத் தேர்வு, அதாவது மருத்துவ அறிவைச் சோதிக்கும் தேர்வு, எழுத அனுமதிக்கிறது.

அதற்கு முன் மருத்துவ மொழித் தேர்வு: நோயாளியுடன் 20 நிமிடம், அறிக்கை எழுத 20, சக மருத்துவரிடம் விளக்க 20. பேச்சில் தேறியவர்களும் அறிக்கையில் நேரம் போதாமல் தடுமாறுவார்கள். கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். அறிவுத் தேர்வில் பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும் முக்கியம். தோற்றால் இருமுறை மீண்டும் எழுதலாம். இடையில் அதிகபட்சம் 2 ஆண்டு தற்காலிக அனுமதியில், மேற்பார்வையின் கீழ் மருத்துவமனையில் பணியாற்றலாம்.