கன்னப் புற்றில் பி16 நெகட்டிவ் என்றால்

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்று, ரிப்போர்ட்டில் பி16 நெகட்டிவ், இணையத்தில் தேடினால் நெகட்டிவ் என்றால் ஆயுள் குறைவு என்று வருகிறது என எழுதியிருந்தீர்கள். நீங்கள் படித்தது வேறு இடத்துப் புற்றைப் பற்றி.

பி16 என்பது புற்றுத் திசுவில் பார்க்கும் ஒரு புரதம். தொண்டையில் டான்சில், நாக்கின் பின்புற வேர்ப்பகுதி, இந்த இடங்களில் எச்பிவி வைரஸால் வரும் புற்றுக்குத்தான் அது அடையாளம். 2010இல் வந்த அமெரிக்க ஆய்வில் இந்தத் தொண்டைப் புற்று வந்தவர்களில் வைரஸ் இருந்தோரில் 82.4 சதவீதம் பேர் 3 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள், இல்லாதவர்களில் 57.1. அதனால்தான் பிறகு அந்தத் தொண்டைப் புற்றுக்கு மட்டும் பி16 பார்த்து நோயின் நிலையை (ஸ்டேஜ்) தனியாகக் கணக்கிடத் தொடங்கினார்கள். வாய்ப் புற்றை அப்படிப் பிரிக்கவே இல்லை. தோட்டத்தில் காலமெல்லாம் வெற்றிலை பாக்கு புகையிலை போட்டவர்களின் கன்னப் புற்று பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும், அதில் புதிதாகக் கெட்ட செய்தி ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றீர்களே, அப்படியானால் அதே ரிப்போர்ட்டில் வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது, கழுத்து நெறிக்கட்டியில் பரவி அதன் உறையைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். உறை தாண்டியிருந்தாலோ ஓரத்தில் மிச்சம் இருந்தாலோ கதிர்வீச்சோடு கீமோவும் சேர்ப்பது வழக்கம், டாக்டரிடம் அதை நேராகவே கேளுங்கள்.

அப்புறம் பிடி-எல்1 என்று ஒரு எண் கேட்டிருந்தீர்கள், அந்தப் பெயருள்ள புரதம் புற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அது. அது முக்கியமாக, புற்று திரும்பி வந்தாலோ பரவினாலோ பெம்புரோலிசுமாப் மாதிரி நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து பலன் தருமா என்று பார்க்கத்தான், ஆயுள் ஜோசியம் இல்லை. மருந்து விலை அதிகம், மானியம் உண்டா என்று ஆஸ்பத்திரி சமூகநலப் பிரிவில் விசாரியுங்கள்.