நியூக்ளியஸ்: எந்தத் துறையில் கேட்கிறீர்கள்?

கேள்வி: ரத்தச் சிவப்பணுவில் நியூக்ளியஸ் இல்லை என்கிறார் உயிரியல் ஆசிரியர். எல்லாப் பொருளிலும் நியூக்ளியஸ் உண்டு என்கிறார் இயற்பியல் ஆசிரியர். தேர்வில் எதை எழுதுவது?

பதில்: வினாத்தாளின் தலைப்பில் எந்தப் பாடம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். செல்லின் உட்கருவுக்கும் அணுவின் கருவுக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஓர் உட்கருவுக்குள் பல லட்சம் கோடி அணுக்கருக்கள் அடங்கும். போதாததற்கு, சிவப்பணு என்ற தமிழ்ப் பெயரிலேயே ‘அணு’ புகுந்துகொண்டு குழப்பத்தைக் கூட்டுகிறது! மனிதச் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடும். ஆனால் அதன் ஹீமோகுளோபினில் உள்ள ஒவ்வோர் இரும்பு அணுவுக்கும் கரு உண்டு. ஆக, இரண்டு ஆசிரியர்களும் சொன்னது சரிதான். கோழி ரத்தத்தைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: நீள்வட்டச் செல், நடுவில் அடர்ந்த ஒரு புள்ளி. அதுதான் உட்கரு. ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செல்களில் கண்டதற்கு அந்தப் பெயரிட்டது 1831-இல். ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் கருவைக் கண்டதோ 1911-இல். இயற்பியல்காரர்கள் கோபித்தாலும் முதல் உரிமை உயிரியலுக்கே.

கேள்வி: முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பழைய பெயரில் ‘நியூக்ளியர்’ இருந்ததாம். கதிர்வீச்சை மறைக்கத்தான் அதை எடுத்துவிட்டார்கள் என்கிறார் மைத்துனர்.

பதில்: மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை. அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்பதுதான் அடிப்படை நிகழ்வின் பெயர். நோயாளிகள் அணுகுண்டை நினைத்து மிரள்வார்களே என்றுதான் மருத்துவத்தில் ‘நியூக்ளியர்’ கழன்றது. இங்கே வேலை செய்வது உங்கள் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனின் கரு. அது பிளவுபடுவதும் இல்லை, சிதைவதும் இல்லை. காந்தப்புலத்தில் ரேடியோ அலையிலிருந்து சிறிது ஆற்றலை வாங்கித் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் அந்த அலையின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். பண்பலை வானொலிக்குச் சற்றுக் கீழே. எக்ஸ்ரேகூடக் கிடையாது. கவனம் வேண்டியது காந்தத்திடம்தான். பேஸ்மேக்கரோ உடம்புக்குள் உலோகத் துண்டோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ‘நியூக்ளியர் மெடிசின்’ பிரிவில் தைராய்டு ஸ்கேன். இதுவும் அப்படித்தானா?

பதில்: இல்லை. இங்கே கதிரியக்கம் உண்மையிலேயே உண்டு. பெரும்பாலும் டெக்னீசியம்-99எம் என்ற பொருளைச் சிறிதளவு ஊசியில் செலுத்துவார்கள். அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 6 மணி நேரம். மறுநாளைக்குள் பெருமளவு அடங்கிவிடும்.

கேள்வி: வால்நட்சத்திரத்துக்கும் நியூக்ளியஸ் உண்டா?

பதில்: உண்டு. பனியும் தூசும் இறுகிய கட்டி அது. ஹாலியின் கரு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம். 1986-இல் ஜியோட்டோ விண்கலம் அருகே போய்ப் பார்த்தபோது அது கன்னங்கரேலென்று இருந்தது. விழும் வெளிச்சத்தில் 4 சதவீதம் அளவே திரும்புகிறது.

கேள்வி: முதுகு ஸ்கேன் அறிக்கையில் ‘நியூக்ளியஸ் பல்போசஸ்’ பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டின் கூழ் போன்ற மையப்பகுதி அது. அணுவும் இல்லை, செல்லின் உட்கருவும் இல்லை. பலருக்கு அறுவை சிகிச்சையின்றியே வலி தணிந்துவிடுகிறது. ஆனால் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.