12 லட்சம் வரை வரியே இல்லையா? பட்ஜெட்டுக்குப் பிறகு வந்த கேள்விகள்

பிப்ரவரி 1, 2025 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் '12 லட்சம்' என்று சொன்னதுமே, அதற்குப் பிறகு சொன்ன நிபந்தனைகள் பலர் காதில் விழவில்லை போலிருக்கிறது. வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான். வரி விலக்கையும் வரித் தள்ளுபடியையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது. விலக்கு என்பது வரியே போடாமல் விடும் தொகை; தள்ளுபடி என்பது போட்ட வரியைக் கழித்துவிடுவது. புதிய முறையில் (விகிதம் குறைவு, பழைய முறையின் பெரும்பாலான கழிவுகள் இல்லை) விலக்கு 4 லட்சத்துக்குத்தான். 12 லட்சம் என்பது வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவில் தரும் தள்ளுபடியின் எல்லை. கீழே உள்ள கணக்குகளும் விதிகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை; வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, கணக்குகள் எல்லாம் புதிய வரி முறைப்படி போட்டவை.

என் ஆண்டுச் சம்பளம் 6 லட்சம். ஊரே கொண்டாடுகிறது. எனக்கு இந்த பட்ஜெட்டில் எவ்வளவு மிச்சம்?

ஒரு ரூபாய்கூட இல்லை. 2024-25-லேயே 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது. சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்தால் 7.75 லட்சம் வரை வரி பூஜ்யம்தான். கட்டாத வரியில் சலுகை தர முடியாதே! பலன் ஆரம்பிப்பது அதற்கு மேலேதான். 9 லட்சம் சம்பளக்காரர் 2024-25-ல் செஸ்ஸுடன் (வரியின் மேல் 4%) 33,800 ரூபாய் கட்ட வேண்டும், 2025-26-ல் கட்ட வேண்டியதில்லை. வரிக்குரிய வருமானம் 24 லட்சமோ அதற்கு மேலோ இருப்பவருக்கு, செஸ்ஸைச் சேர்க்காமலே 1,10,000 ரூபாய் மிச்சம். 'நடுத்தர வர்க்கத்துக்கான பட்ஜெட்' என்பதில் அந்த நடு எங்கே ஆரம்பிக்கிறது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள். ஆனால் அட்டவணையில் 4 லட்சத்துக்கு மேல் 5% என்று போட்டிருக்கிறதே? இன்கிரிமென்ட் வந்து 12 லட்சத்தைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்?

அட்டவணை சரிதான். 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 வரை 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%, 16 முதல் 20 வரை 20%, 20 முதல் 24 வரை 25%, அதற்கு மேல் 30%. வருமானம் சரியாக 12 லட்சம் என்றால் வரி 20,000 + 40,000 = 60,000. இந்த 60,000 முழுவதையும் 87ஏ தள்ளுபடி செய்துவிடுகிறது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 உண்டு என்பதால் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி பூஜ்யம்.

அந்த எல்லையைத் தாண்டினால் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடும். கழிவு போக 12,10,000 வருமானம் உள்ளவருக்கு அட்டவணைப்படி வரி 61,500. பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபதாயிரம் வரியா என்று கேட்கத் தோன்றும். அதற்குத்தான் மார்ஜினல் ரிலீஃப் வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ, வரி அதற்கு மேல் போகாது. இங்கே வரி 10,000, செஸ் 400, ஆக 10,400. கூடுதலாக வந்தது 10,000, போனது 10,400! வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 12.70 லட்சத்தைத் தொடும் வரை இதே கதைதான். கூடும் பணம் முழுவதும் வரிக்கே போகும். அதற்குப் பிறகுதான் இன்கிரிமென்ட் கையில் நிற்கும்.

இந்த இடைவெளியில் மாட்டியவர்களுக்கு ஒரு வழி உண்டு. நிறுவனமே உங்கள் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் செலுத்தும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14% வரை, புதிய முறையிலும் கழிவு கிடைக்கிறது. மொத்தச் சம்பளம் 13.25 லட்சம், அடிப்படை 6 லட்சம் என்று வையுங்கள். எதுவும் செய்யாவிட்டால் வரிக்குரிய வருமானம் 12.5 லட்சம், வரி செஸ்ஸுடன் 52,000. அதே 13.25 லட்சத்துக்குள் 84,000 ரூபாயை நிறுவனத்தின் பங்களிப்பாக என்.பி.எஸ்.ஸுக்குத் திருப்பிவிடச் சொன்னால் வருமானம் 11.66 லட்சமாக இறங்கும், வரி இல்லை. இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று: நீங்களாக ஆன்லைனில் 50,000 கட்டினால் இந்தக் கழிவு வராது. அது பழைய முறைக்கு மட்டும். பணம் சம்பளக் கட்டமைப்பு வழியாக, நிறுவனத்தின் பெயரில்தான் போக வேண்டும். பணம் ஓய்வுக் காலம் வரை பெரும்பாலும் முடங்கிக் கிடக்கும் என்பதையும் யோசித்துவிட்டு எச்.ஆர்.-இடம் போங்கள்.

2025 ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதே இந்த 12 லட்சம் சலுகையைக் கேட்கலாமா?

முடியாது. அப்போது நீங்கள் காட்டுவது மார்ச் 31, 2025-ல் முடிந்த ஆண்டின் வருமானம். அதற்குப் பழைய எல்லையான 7 லட்சம்தான். புதிய அட்டவணை ஏப்ரல் 1, 2025 முதல் வரும் வருமானத்துக்கு. 2025 ஏப்ரல் மாதச் சம்பளத்திலேயே பிடித்தம் குறையும்; ரிட்டர்னில் அது தெரிவது 2026-ல்.

சம்பளம் 9 லட்சம். மியூச்சுவல் ஃபண்டை விற்றதில் 2 லட்சம் லாபம். மொத்தம் 12 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, வரி வருமா?

வரும். பங்கு சார்ந்த ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்குத் தனி விகிதம், 12.5%. இப்படித் தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு 87ஏ தள்ளுபடி செல்லாது. உங்கள் சம்பளத்தில் கழிவு போக 8.25 லட்சம், அதன் வரி 22,500 தள்ளுபடியாகிவிடும். லாபத்தில் முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை, மீதி 75,000-க்கு 9,375, செஸ் 375, ஆக 9,750 ரூபாய் கட்ட வேண்டும். ஓராண்டுக்குள் விற்றிருந்தால் 20%, அதில் 1.25 லட்சச் சலுகையும் கிடையாது.

வேறு வருமானமே இல்லாத இல்லத்தரசி ஒருவருக்கு 3 லட்சம் லாபம் வந்தால் கதை வேறு. இந்தியாவில் வசிப்பவர் என்றால், பயன்படுத்தாத 4 லட்சம் அடிப்படை விலக்கை இந்த லாபத்துக்கு எதிராக வைத்துக்கொள்ளலாம். வரி வராது. மேலே சொன்ன 1.25 லட்சச் சலுகை ஆண்டுக்கு ஆண்டு புதிதாகக் கிடைப்பது. இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டுக்கு வராது. பெரிய லாபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் ஒரு பகுதியுமாக விற்பது இதற்காகத்தான்.

அப்பாவுக்கு 72 வயது. எஃப்.டி. வட்டி 1 லட்சம் வரை வரி இல்லை என்று பட்ஜெட்டில் வந்ததாகச் சொல்கிறார். அப்படியா?

இல்லை. 50,000-லிருந்து 1 லட்சமாக உயர்ந்தது டி.டி.எஸ். (பணம் தரும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்கும் எல்லை. மூத்த குடிமக்கள் அல்லாதவர்களுக்கு இது 40,000-லிருந்து 50,000. வங்கி பிடிக்கவில்லை என்பதால் அந்த வட்டிக்கு வரி இல்லை என்று ஆகிவிடாது.

இந்த எல்லையை ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இரண்டு வங்கிகளில் தலா 90,000 வட்டி வந்தால் இருவருமே பிடிக்க மாட்டார்கள். ஆனால் 1.8 லட்சமும் அப்பாவின் வருமானம், வரித்துறையின் ஏ.ஐ.எஸ். (ஆண்டுத் தகவல் அறிக்கை) பக்கத்தில் இரண்டும் தெரியும்.

எல்லையைத் தாண்டும் வங்கியில், டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் படிவம் 15எச் கொடுங்கள். மொத்த வருமானத்துக்கான வரி, 87ஏ தள்ளுபடியையும் கணக்கில் எடுத்த பிறகு, பூஜ்யமாக இருந்தால் 60 வயதானவர்கள் இதைக் கொடுக்கலாம். 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான 15ஜி இன்னும் கறாரானது. வரி பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது, வட்டியின் மொத்தமும் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும். படிவத்தை ஏப்ரல் முதல் வாரத்திலேயே, ஒவ்வொரு வங்கிக்கும் தனியாக, ஒவ்வொரு ஆண்டும் கொடுக்க வேண்டும். போன வருஷம் கொடுத்தது இந்த வருஷத்துக்குச் செல்லாது. ஜூலையில் புதிதாக ஒரு டெபாசிட் போட்டால் அதற்கும் 15எச் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கில் பான் இணைக்காமல் இருந்தால் 10%-க்குப் பதில் 20% போய்விடும். ஒருமுறை பிடித்ததை வங்கி திருப்பித் தராது; ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாகத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. வரி பூஜ்யம் என்றால் ரிட்டர்ன் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும். தள்ளுபடி என்பது தாக்கல் செய்து கேட்டு வாங்குவது.

துபாயில் வேலை பார்க்கிறேன். திருச்சியில் உள்ள வீட்டுக்கு மாதம் 50,000 வாடகை. 12 லட்சத்துக்குக் கீழேதான், எனக்கும் வரி கிடையாதுதானே?

87ஏ தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வரிச் சட்டப்படி நீங்கள் என்.ஆர்.ஐ. என்பதால் உங்களுக்கு 4 லட்சம்தான் எல்லை. அதற்காகப் பதற வேண்டாம். ஆண்டு வாடகை 6 லட்சத்தில் பராமரிப்புக்கு என்று 30% கழிவு புதிய முறையிலும் உண்டு. மீதி 4.2 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் 20,000-க்கு 5%, அதாவது 1,000 ரூபாய், செஸ் 40. கட்டிய வீட்டு வரியைக் கழித்தால் இன்னும் குறையும்.

சிக்கல் குடித்தனக்காரர் பக்கம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் என்.ஆர்.ஐ. என்றால், வாடகை எவ்வளவாக இருந்தாலும் 31.2% பிடித்துக் கட்ட வேண்டியது அவர் பொறுப்பு. மாத வாடகை 50,000 வரை டி.டி.எஸ். இல்லை என்று பட்ஜெட்டில் வந்தது உள்ளூர் உரிமையாளர்களுக்கு. இங்கே ஆண்டுக்கு 1,87,200 ரூபாய் பிடித்தம் ஆகும். உங்கள் உண்மையான வரி 1,040. மீதி 1,86,160 ரூபாய் ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும். இதைத் தவிர்க்க ஆண்டுத் தொடக்கத்திலேயே படிவம் 13 மூலம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்தால் சான்றிதழில் சொன்ன விகிதம் மட்டும் பிடித்தால் போதும். குடித்தனக்காரர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்கி, பிடித்ததை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டி, காலாண்டுக்கு ஒருமுறை 27க்யூ என்ற டி.டி.எஸ். அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். 'நமக்குள் பேசிக்கொள்ளலாம்' என்று முழு வாடகையை வாங்கிக்கொண்டால் நோட்டீஸ் போவது அவருக்குத்தான்.

வீட்டுக் கடன், எல்.ஐ.சி., வாடகைப்படி எல்லாம் உண்டு. 15 லட்சம் சம்பளம். பழைய முறையிலேயே இருக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிய முறையில் 75,000 போக 14.25 லட்சம், வரி 93,750, செஸ்ஸுடன் 97,500. பழைய முறையில் இதே வரி வர வேண்டும் என்றால் வரிக்குரிய வருமானத்தை 9,06,250-க்கு இறக்க வேண்டும். அங்கே நிலையான கழிவு 50,000தான். ஆக மற்ற கழிவுகள் 5,43,750 தேவை. 80சி (எல்.ஐ.சி., பி.எஃப். போன்ற சேமிப்புகள்) 1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, என்.பி.எஸ். 50,000 என எல்லாவற்றையும் முழுதாக நிரப்பினாலும் 4.25 லட்சம்தான். மீதி 1,18,750 வாடகைப்படி விலக்காக வர வேண்டும். சொந்த ஊரில் கடன் வாங்கிக் கட்டிய வீடு, வேலைக்காகச் சென்னையில் வாடகை என்று இருப்பவருக்கு இது சாத்தியம். சென்னை என்றால் அடிப்படைச் சம்பளத்தில் 50% வரை. கோவை, மதுரை என்றால் 40%. கட்டும் வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10% போக மீதி எவ்வளவு, நிறுவனம் தரும் வாடகைப்படி எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்த்து, மூன்றில் குறைந்ததுதான் விலக்கு. 25 லட்சம் சம்பளம் என்றால் தேவைப்படும் மற்ற கழிவு 8 லட்சம். அதைத் தொடுபவர்கள் குறைவு.

பழைய முறையில் லாபம் என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் புதிய முறைக்குத் தள்ளிவிடும், எல்லாக் கழிவும் போச்சு. ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் வேண்டும்; அதை மார்ச்சில் போய்க் கேட்டால் கிடைக்காது. அலுவலகத்தில் எதைச் சொல்லியிருந்தாலும் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை. பழைய முறைக்குப் போக அவர்கள் 10-ஐ.இ.ஏ. படிவம் தர வேண்டும். புதியதற்கு ஒருமுறை திரும்பிவிட்டால், தொழில் இருக்கும் வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

எல்.ஐ.சி. பற்றி ஒரு வார்த்தை. வரிக்காக மட்டும் பாலிசி எடுத்தவர்கள் புதிய முறைக்கு வந்ததும் நிறுத்திவிடலாமா என்கிறார்கள். ஆரம்ப ஆண்டுகளில் நிறுத்தினால் நஷ்டம் வரிச் சலுகையைவிடப் பெரிதாக இருக்கும். சரண்டர் மதிப்பை (பாதியில் நிறுத்தினால் கையில் வரும் தொகை) எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு வீடு. இரண்டிலும் நாங்களேதான் இருக்கிறோம். வரி?

இரண்டுக்கும் கற்பனை வாடகை (வாடகை வந்ததாகப் பாவித்து வருமானத்தில் சேர்ப்பது) போட மாட்டார்கள். ஏன் அங்கே குடியிருக்கவில்லை என்று காரணம் காட்டும் நிபந்தனையும் போய்விட்டது. மூன்றாவது வீட்டுக்கு உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது.

2020-21-ல் ஃப்ரீலான்ஸ் வருமானம் காட்டாமல் விட்டுவிட்டேன். இப்போது சரி செய்ய முடியுமா?

2025 ஏப்ரலில் இருந்து புதுப்பித்த ரிட்டர்னுக்கான (ஐ.டி.ஆர்.-யு) கெடு 24 மாதத்திலிருந்து 48 மாதமாகியிருக்கிறது. உங்கள் ஆண்டுக்குக் கடைசி நாள் மார்ச் 31, 2026. ஆனால் விலை உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்த முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் கூடுதலாக 25%, அடுத்த ஆண்டு 50%, பிறகு 60%, கடைசியில் 70%. நீங்கள் 70%-ல் இருக்கிறீர்கள். வரியும் வட்டியும் 40,000 என்றால் கூடுதலாக 28,000. தாமதக் கட்டணம் தனி. முதலில் 26ஏ.எஸ். (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை) எடுத்து, வாடிக்கையாளர்கள் அந்த ஆண்டு பிடித்த டி.டி.எஸ். எவ்வளவு என்று பாருங்கள். அதைக் கழித்த பிறகு மீதி வரிக்குத்தான் இந்தக் கணக்கு. பிடித்தது வரியைவிட அதிகமாக இருந்து ரீஃபண்ட் வர வேண்டும் என்றால் இந்த வழி உதவாது. இதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. அதற்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரி வரித்துறை இணையதளத்திலேயே மனுப் போட வேண்டும். காரணத்துக்கான ஆதாரத்தையும் அதோடு இணையுங்கள்.